மூன்று தடவை மூடிவைத்த ‘போரும் வாழ்வும்’

முதல் நூறு பக்கம் அறுவைதான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’, டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்தது, தடித் தடியாக மூன்று பாகம். வாங்கி ஆறு வருடம் ஆகிறது, அதில் ஐந்து வருடம் எங்கள் வீட்டில் சாமி மேடைக்குக் கீழே பழைய பஞ்சாங்கங்களோடு படுத்துக் கிடந்தது. மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் கதை ஆரம்பிக்கிற ஓர் அம்மா வீட்டு விருந்து முடிவதற்குள்ளேயே மூடிவிட்டேன். நாலாவது தடவைதான் ஓடியது. போன மாதம் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன். வாங்கலாமா, வாங்கினால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று இரண்டு மூன்று பேர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கே வைத்துப் படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், அதற்கும் இது ஓடியதற்கும் சம்பந்தம் இருக்கிறது. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடும் கூண்டில் வேலை. குலை ஏற்றி வரும் லோரியை மேடையில் நிறுத்தி எடை எடுப்பேன், கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது மறுபடி எடை எடுத்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் சில நாள் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், மழை பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம்கூட ஈ ஓட்டலாம். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துபோய்த்தான் இந்தப் புத்தகத்தைக் கூண்டுக்கு எடுத்துப்போனேன்.

பொருளைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். தபால் செலவோடு நூற்றைம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. தாள் சுமார், எழுத்து பொடி, கண்ணாடி போட்டவர்கள் பகல் வெளிச்சத்தில் படிப்பது நல்லது. என் பிரதியில் அச்சுப் பிழைகள் உண்டு, கதையில் இருப்பதே பெயர்க் குழப்பம், அதற்குமேல் இது வேறு. முதல் பாகத்தின் முதுகு பாதியிலேயே விட்டுப் போய், இப்போது இரண்டு ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன், ரப்பர் வெட்டிய குடும்பத்துக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். சொக்கலிங்கம் ‘தினமணி’யின் முதல் ஆசிரியர், பத்திரிகைக்காரரின் கை என்பது தெரிகிறது. பழைய காலத்து நடை, ஆனால் சுற்றி வளைக்காது. கீழே நான் எழுதும் பெயர்கள் என் வாய்க்கு வந்தபடி, உங்கள் பிரதியில் எழுத்து வேறாக இருக்கலாம்.

சரி, அந்த விருந்து. 1805 ஜூலை, பீட்டர்ஸ்பர்க் நகரம், ஆன்னா பாவ்லோவ்னா ஷேரர் என்கிற அரண்மனைச் சேடியின் வீடு. அவருக்கு இருமல், அந்த இருமலுக்குக்கூட அப்போதுதான் புதிதாக வந்த, பெரிய இடத்து ஆட்கள் மட்டும் சொல்லுகிற ஒரு பெயரைச் சொல்லிக்கொள்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் நெப்போலியனைத் திட்டுகிறார்கள், ஆனால் மூலத்தில் அந்தத் திட்டே ஃபிரெஞ்சு மொழியில்தான் இருக்கிறது, யாரை எதிர்த்துச் சண்டைக்குப் போகிறார்களோ அவன் பாஷையிலேயே. இங்கே நம் ஆட்கள் தமிழை வளர்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கூட்டம் போடுவது எனக்கு ஞாபகம் வந்தது. (1812-இல் நெப்போலியன் படை மாஸ்கோவை நெருங்கும்போது, ஒரு வீட்டில் ஃபிரெஞ்சு பேசினால் அபராதம் என்று வைத்துக்கொள்கிறார்கள், அங்கே வாய்விட்டுச் சிரித்தேன், லோரிக்காரர் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்.) அந்த வீட்டில் ஒரு வயதான அத்தை மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரை யாருக்கும் தெரியாது, யாருக்கும் தேவையும் இல்லை, ஆனாலும் வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிப்போய் அவரிடம் நலம் விசாரிக்க வைக்கிறார்கள். நம் கல்யாண வீட்டில் நம்மை இழுத்துப்போய், “இது யார் தெரியுதா, உன் அப்பாவோட சின்னம்மா வழியில...” என்று ஒரு பாட்டி முன்னால் நிறுத்துவார்களே, அச்சு அசல் அது.

மூன்று தடவையும் நான் மூடியது அங்கேதான். அத்தையையே தெரியவில்லை, அவர் மருமகன் யாராக இருந்தால் எனக்கென்ன.

பெயர்தான் பெரிய தடை என்று எல்லாரும் சொல்வார்கள். மலேசியத் தமிழருக்கு அது தடையே இல்லை, நாம்தான் கவனிக்கவில்லை. நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஆனாக் லெலாக்கி’, ‘ஆனாக் பெரம்புவான்’ என்பதைச் சுருக்கிப் போடுகிறார்களா இல்லையா? ரஷ்யப் பெயரின் நடுப்பகுதியும் அதேதான். ‘ஓவிச்’, ‘எவிச்’ என்று முடிந்தால் மகன், ‘ஓவ்னா’, ‘எவ்னா’ என்றால் மகள். ஆன்னா பாவ்லோவ்னா என்றால் பாவெல் மகள் ஆன்னா, அவ்வளவுதான். ஆந்த்ரே நிகோலாயெவிச் என்றால் நிகோலாய் மகன் ஆந்த்ரே. ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கிறதே என்றால், தோட்டத்தில் யாருக்கு ஒரு பெயர் இருந்தது? செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒரு பட்டப்பெயர். எங்கள் லயத்தில் ஒருவரின் உண்மைப் பெயர் எனக்கு அவர் சாவு அறிவிப்பில்தான் தெரிந்தது.

இது புரிந்ததும் நாலாவது தடவை அந்த விருந்தை வேறு மாதிரி படித்தேன். டால்ஸ்டாயே ஓர் இடத்தில் சொல்கிறார், ஆன்னா பாவ்லோவ்னா அந்தக் கூடத்தில் சுற்றி வருவது, நூற்பாலை மேற்பார்வையாளர் எந்தக் கதிர் நின்றுபோச்சு, எது தப்பாகச் சத்தம் போடுது என்று பார்த்துக்கொண்டே நடப்பது மாதிரி இருக்கிறதாம். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சட்டென்று மண்டோர், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர், ஞாபகம். அப்புறம் பெரட்டு ஞாபகம். அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் விடியாத இருட்டில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்பார்கள், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் கூப்பிடுவார். ஆள் யார், எந்த நிரை, யார் வரவில்லை, யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு சொட்டுப் பால்கூட இறங்கியிருக்காது. இந்த விருந்தும் பெரட்டுதான். ஒருவர் தன் உருப்படாத பிள்ளைக்குப் பெண் தேடி வந்திருக்கிறார், ஒரு விதவைத் தாய் தன் மகனுக்கு நல்ல பட்டாளத்தில் இடம் வாங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார், பியர் என்கிற குண்டுப் பையன் எங்கே எதைப் பேசக்கூடாதோ அதைப் பேசுகிறான், ஆந்த்ரேக்குக் கல்யாணம் கசந்துவிட்டது. இவர்களைப் பிடித்துவைத்துக்கொண்டால் போதும், மற்றவர்களை மறந்துவிடலாம், தேவையென்றால் அவர்களே திரும்பி வருவார்கள். நான் பழைய எடைச் சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து குடும்பம் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன். பெஸுகோவ், ரோஸ்தோவ், பொல்கோன்ஸ்கி, குராகின், த்ருபெத்ஸ்கோய். எல்லாம் இந்த ஐந்துக்குள்தான் சுற்றும்.

விருந்து முடிந்த கையோடு ஒரு கரடி வருகிறது. உண்மையான கரடி. குடித்த பையன்கள் ஒரு போலீஸ்காரரை அந்தக் கரடியோடு முதுகுக்கு முதுகு கட்டி ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் தோலகோவ் என்று ஒருவன் மாடி சன்னலில் காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்து ஒரு முழு ரம் பாட்டிலையும் கீழே இறக்காமல் குடித்து முடிக்கிறான். இதைப் படிக்காமல் மூன்று தடவை மூடியிருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன், இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தால் கரடியைப் பார்த்திருப்பேன்.

அதற்கடுத்து ரோஸ்தோவ் வீட்டு விசேஷம், 13 வயது நடாஷா பொம்மையோடு ஓடி வந்து பெரியவர்கள் நடுவில் விழுந்து சிரிப்பது, நல்லா இருக்கும். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பெஸுகோவ் கிழவர் சாகக் கிடக்கிற வீடுதான். உள்ளே அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, வெளியே இரண்டு பெண்கள் உயில் இருக்கிற தோல்பைக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள், இரண்டு பேரும் மரியாதையாகவே பேசிக்கொண்டு இழுக்கிறார்கள். எங்கள் பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டு கிராண் (பட்டா) எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் நடந்ததை நான் பார்த்தவள். குரல் உயரவே உயராது, “நீங்க உட்காருங்கண்ணி, நான் பார்க்கிறேன்” என்றுதான் போகும்.

டால்ஸ்டாய் கதையை நாலு பெரும்பகுதியாகப் பிரித்திருக்கிறார், உண்மையான திருப்பம் முதல் பெரும்பகுதிக்குள் வரும் இரண்டாம் பிரிவின் தொடக்கத்தில், அதுதான் என் எல்லைக்கல். ஆஸ்திரியாவில் பிரவ்னாவ் என்கிற இடம், 1805 அக்டோபர். தளபதி குதுசோவ் படையைப் பார்வையிட வருகிறார் என்று தகவல். நாளெல்லாம் நடந்து வந்த சிப்பாய்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பித்தான் தைத்து, துடைத்து, பளபளவென்று நிற்கிறார்கள். விடிந்ததும் ஓர் ஆள் குதிரையில் வருகிறான், தளபதி உங்களை நடந்து வந்த கோலத்திலேயே பார்க்கணுமாம், மேலங்கியைப் போடுங்கள் என்கிறான். காரணம், ஆஸ்திரியத் தளபதிக்குக் காட்ட வேண்டியது பளபளப்பு இல்லை, எங்கள் ஆட்கள் எவ்வளவு நொந்துபோய் வந்திருக்கிறார்கள் பார் என்பதுதான். பூட்ஸ் எல்லாம் கிழிந்திருக்கிறது, ஆஸ்திரியாக்காரன் தருவதாகச் சொன்னது வந்து சேரவில்லை. துரை வருகிறார் என்று முதல் நாள் லயத்துக் கால்வாயைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கடைசியில் அவர் கார் நிற்காமலேயே போன கதை எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லப்பட்டது. அந்த இடத்திலிருந்து புத்தகத்தை நான் கீழே வைக்கவில்லை, வைத்தால் எடை போடத்தான் வைத்தேன்.

பெஸுகோவ் கிழவரின் சொத்து பியருக்கு வந்த பிறகு ஓர் இடம் இருக்கிறது, தோட்டத்தில் பிறந்தவர்கள் அதற்காகவே வாங்கலாம். அவனுக்குக் கீயெவ் பக்கம் பெரிய பெரிய பண்ணைகள், பண்ணையோடு சேர்த்து ஆட்களும் சொந்தம். (ரஷ்யாவில் அந்த அடிமை முறையை 1861-இல்தான் ஒழித்தார்கள், இந்தக் கதை பத்திரிகையில் வரத் தொடங்கியது 1865-இல்.) பியர் நல்ல மனசுக்காரன். ஆட்களை விடுதலை செய்யுங்கள், கைக்குழந்தைக்காரிகளை வேலைக்கு அனுப்பாதீர்கள், அடிக்காதீர்கள், ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டுங்கள் என்கிறான். பெரிய கிராணி ஆகட்டும் ஐயா என்று தலையாட்டுகிறான். பிறகு பியர் நேரில் சுற்றிப் பார்க்க வருகிறான், ஒவ்வோர் ஊரிலும் ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து நன்றி சொல்கிறார்கள், புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பியருக்குக் கண்ணில் தண்ணீர். டால்ஸ்டாய் அடுத்த பத்தியில் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார். வரவேற்றவர்கள் அந்த ஊரில் ஏற்கெனவே வசதியாக இருந்தவர்கள், மற்றவர்கள் பஞ்சத்தில் கிடக்கிறார்கள். தாய்மார்களுக்குப் பண்ணை வேலை குறைந்தது, அதைவிடக் கடினமான வேலை அவர்கள் சொந்த நிலத்தில் தலையில் விழுந்தது. அந்தச் செங்கல் கட்டடங்களைக் கட்டியதும் அதே ஆட்கள், கூடுதல் வேலையாக. காகிதத்தில் உழைப்பு குறைந்தது, முதுகில் ஏறியது. அந்தப் பக்கத்தைக் கூண்டில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு வாசித்துக் காட்டினேன். அம்மா, “ஆயாக்கொட்டாயிக்குப் பெயிண்டு அடிச்சாங்களே, அது மாதிரியா?” என்றார், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தைச் சொல்கிறார். அது மாதிரிதான்.

சண்டைப் பகுதிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தப் படை வலது, எந்தப் படை இடது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தூஷின் என்று ஒரு சின்ன உருவப் பீரங்கிக் கேப்டன், வாயில் சுங்கானோடு (புகைக்குழாய்), யாரும் ஆணை கொடுக்காமலேயே நாலு பீரங்கியை வைத்துக்கொண்டு முழு எதிரிப் படையையும் நிறுத்தி வைக்கிறார். சாயங்காலம் பெரிய அதிகாரிகள் அவரைக் கூப்பிட்டு ஏன் பீரங்கியை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கிறார்கள், அவருக்கு வாய் வரவில்லை. அவரை மட்டும் பின்தொடருங்கள். சரித்திரத்தை ராஜாக்கள் நடத்தவில்லை என்று டால்ஸ்டாய் தொண்டை வற்ற வாதாடுவதைவிட தூஷின் நிற்கிற நிலை நன்றாகவே சொல்லிவிடுகிறது. எங்கள் பக்கமும் ஒரு காலையில் சரித்திரத்தில் ஏறியதுதான், 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்டார்கள், அதற்குப் பிறகு 1960 வரை நாட்டில் அவசரகாலம். பாட்டி இருந்தது அதற்குப் பக்கத்துத் தோட்டம். அந்த நாளைப் பற்றிக் கேட்டால், பாலை எடை போட ஆள் வராமல் வாளியோடு நின்றதைத்தான் முதலில் சொல்வார்.

நாலாம் பெரும்பகுதி எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1812, பியர் பிடிபட்டு, பின்வாங்கும் ஃபிரெஞ்சுப் படையோடு கைதியாக நடத்திக்கொண்டு போகப்படுகிறான். நடக்க முடியாமல் பின்தங்குபவர்களைச் சுட்டுவிடுவார்கள். பியருக்குத் துணையாக கராதாயெவ் என்று ஒரு குடியானவச் சிப்பாய், காய்ச்சலில் மெலிந்து ஒரு பிர்ச் மரத்தடியில் உட்கார்ந்து விடுகிறார், பியரைப் பார்க்கிறார், கூப்பிடுகிற மாதிரி. பியர் பார்க்காத மாதிரி வேகமாக நடந்து போய்விடுகிறான். பின்னால் வெடிச்சத்தம் கேட்கிறது. கேட்டதும் அவனுக்குத் தோன்றுவது, ஸ்மோலென்ஸ்க் போய்ச் சேர இன்னும் எத்தனை நாள் நடை என்று எண்ணிக்கொண்டிருந்தோமே, அந்தக் கணக்கு முடியவில்லையே என்பது. நாய் ஒன்று ஊளையிடுகிறது. அவ்வளவுதான், அடுத்த அத்தியாயம்.

பாட்டியின் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவரோடு போனவர்களில் ஒருவர் மட்டும் எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தார், நான் சிறுமியாக இருந்தபோதும் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாட்டி பலகாரத் தட்டோடு போய் அவரிடம் அதே கேள்வியைக் கேட்பார், அவரும் அதே பதிலைச் சொல்வார், “எனக்குப் பின்னாடிதாம்மா வந்துக்கிட்டு இருந்தான்.” அதற்குமேல் ஒரு வார்த்தை வராது, முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். அவர் எதையோ ஒளிக்கிறார் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு இரண்டு லோரிக்கு எடையைத் தப்பாக எழுதிவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

மற்றதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நடாஷாவின் முதல் நடன விருந்து, ஓநாய் வேட்டை, நடாஷாவின் அண்ணன் நிகோலாய் ஒரே ராத்திரி சீட்டாட்டத்தில் 43,000 ரூபிள் தோற்றுவிட்டு வீட்டுக்கு வருவது (நாலு நம்பர் லாட்டரி எழுதி ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம், மாட்டியவர்கள் இதைத் தனியாகப் படிக்கவும்), எல்லாம் தானாக ஓடும்.

குறையும் நிறைய. ஆந்த்ரேயின் மனைவி லிசாவுக்கு மேலுதட்டில் பூனைமுடி என்று எத்தனை தடவைதான் சொல்வார். மூன்றாம் பெரும்பகுதியிலிருந்து கதையை நிறுத்திவிட்டு சரித்திரம் ஏன் நடக்கிறது என்று வகுப்பு எடுக்க ஆரம்பிக்கிறார், முதல் வகுப்பு பரவாயில்லை, ஐந்தாவதில் எனக்குக் கொட்டாவி. பின்னுரை இரண்டு பகுதி, முதலாவது கதை, அதை விட்டுவிடாதீர்கள், கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் எல்லாம் எப்படி ஆகிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. இரண்டாவதில் ஒருத்தரும் வர மாட்டார்கள், வெறும் வாதம். அதைப் படிக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, நான் படித்தேன், மூன்று பாகத்தையும் முடித்துவிட்டு அதை மட்டும் விடுவானேன் என்கிற வீம்பில். இது நாவலே இல்லை என்று டால்ஸ்டாயே எழுதி வைத்திருக்கிறார், அந்தப் பகுதிக்கு அது ரொம்பப் பொருத்தம்.

ஒரே மூச்சில் படிக்கிறேன் என்று பொதுவிடுமுறைக்காகக் காத்திருக்காதீர்கள், நான் முதல் மூன்று தடவையும் அப்படித்தான் தோற்றேன். அத்தியாயங்கள் எல்லாம் சின்னச் சின்னது, முன்னூறுக்கு மேல் இருக்கிறது, பெரும்பாலானவற்றைக் கோப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். எனக்கு ஒரு லோரிக்கு ஓர் அத்தியாயம். பத்து மாதம் பிடித்தது. யாருக்கு வாங்கித்தர வேண்டாம் என்றால், முடிவு தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர்களுக்கு. புத்தகத்துக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம், என் பிரதியின் கட்டுமானத்துக்கு இரண்டு, அதுவும் ரப்பர் வளையத்துக்காக.

கூண்டுக்கு வரும் லோரிக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார், எடை நேரத்தில் தினம் கதை கேட்டவர், “அக்கா, அந்த போலீஸ்காரன் செத்துட்டானா?” என்று ஆரம்பித்தது. முதல் பாகத்தை இப்போது அவரிடம் கொடுத்திருக்கிறேன், ரப்பர் வளையத்தோடு, ஐந்து குடும்பச் சீட்டோடு. நேற்று கோலகங்சாரில் எங்கோ வரிசையில் நின்றுகொண்டு குரல் செய்தி அனுப்பியிருந்தார், “அக்கா, இந்த ஆன்னா வீட்டு விருந்து எப்பதான் முடியும்? அந்தக் கிழவி யாரு?” என்று. கிழவியை விடு தம்பி, கரடி பக்கத்திலதான் இருக்கு, ஓட்டு என்று பதில் போட்டேன்.